எந்தப் போர் விமானத்தை வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏதேனும் ஒரு நாடு போர் விமானம் வாங்கப்போவதாகச் செய்தி வெளியானால் ஒரே விதமான ஐயங்கள் திரும்பத் திரும்ப எழுகின்றன. வேகம், விலை, ஸ்டெல்த் (ரேடாரில் எளிதில் சிக்காத தன்மை), யார் யாரை வீழ்த்தினார்கள் என்பவற்றைச் சுற்றியே பேச்சு நின்றுவிடுகிறது. அப்படிப் பலரும் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னும் சிக்கலானவை பின்னுமாக உள்ளன. முன்பே சொன்னதை மீண்டும் விளக்காமல், அது எந்தப் பதிலில் உள்ளது என்று மட்டும் சுட்டியிருக்கிறேன்.

1. எல்லாவற்றிலும் சிறந்த போர் விமானம் எது? சுற்றி வளைக்காமல் ஒரு பெயரைச் சொல்லுங்கள்.

ஒரு பெயரைச் சொல்ல முடியாது. ஒரு விமானத்தின் தகுதியை அது செய்ய வேண்டிய வேலையை வைத்துத்தான் மதிப்பிட முடியும். ஸ்வீடனின் கிரிபென், நெடுஞ்சாலையின் ஒரு நேர்ப்பகுதியில் இறங்கி, தேர்ந்த தொழில்நுட்பர் ஒருவரும் கட்டாயப் படைச்சேவையில் உள்ள சில இளைஞர்களும் சேர்ந்து எரிபொருளும் ஏவுகணையும் ஏற்றியவுடன், சுமார் பத்து நிமிடத்தில் மீண்டும் கிளம்பும்படி வடிவமைக்கப்பட்டது. போர் தொடங்கியவுடன் தன் விமானத் தளங்கள்தான் முதலில் தாக்கப்படும் என்று கணித்த ஒரு நாட்டின் தேவைக்கேற்ற விமானம் அது.

அமெரிக்காவின் எஃப்-22 வேறொரு கணிப்பில் பிறந்தது: பிறர் வான்வெளிக்குள் புகுந்து அங்கே ஆதிக்கம் செலுத்துவது அதன் வேலை. 'உலகிலேயே சிறந்தது' என்று பலர் சொல்லும் அந்த விமானத்தை அமெரிக்கச் சட்டம் யாருக்கும் ஏற்றுமதி செய்ய விடவில்லை. அதன் உற்பத்தியும் 2011-லேயே நின்றுவிட்டது. ஆகவே 'சிறந்தது எது' என்று கேட்பதைவிட, 'நமக்குள்ள வேலைக்கு, நம்மிடம் உள்ள பணத்தில், விற்கத் தயாராக இருப்பவர்களிடம் கிடைப்பது எது' என்று கேட்பதே பயன் தரும். இதில் ஒன்றை விட்டுவிட்டாலும் விவாதம் திசைமாறிவிடும்.

2. போர் விமானத்துக்குச் சண்டை போடுவதைத் தவிர வேறு என்ன வேலை?

பெரும்பாலான நாடுகளில் போர் விமானங்களின் அன்றாட வேலை காவல்தான். தொடர்பை இழந்த பயணிகள் விமானத்தின் அருகே சென்று பார்ப்பது, அனுமதியின்றி நுழைந்த விமானத்தை அடையாளம் கண்டு வெளியேற்றுவது, பெரிய மாநாடுகளின்போது வான்வெளியைப் பாதுகாப்பது போன்றவை ஆண்டு முழுவதும் நடக்கும். இதற்கு விரைவாகக் கிளம்பும் திறன், நல்ல ரேடார், எந்த நேரமும் தயாராக உள்ள விமானிகள் ஆகியவை போதும், ஸ்டெல்த் தேவையில்லை.

2014 பிப்ரவரி 17 அதிகாலையில், அடிஸ் அபாபாவிலிருந்து ரோம் செல்ல வேண்டிய எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானத்தை அதன் துணை விமானியே கடத்தி ஜெனீவாவில் இறக்கினார். வழியில் அதற்குத் துணையாகப் பறந்தவை இத்தாலிய, பிரெஞ்சுப் போர் விமானங்கள். சுவிட்சர்லாந்திடம் எஃப்ஏ-18 ஹார்னெட் போர் விமானங்கள் இருந்தன. ஆனால் அந்நாட்டு விமானப்படை அப்போது காலை 8 மணிக்குத்தான் பணி தொடங்கும். கடத்தப்பட்ட விமானமோ 6 மணி அளவில் தரையிறங்கிவிட்டது. விமானத்தில் எந்தக் குறையும் இல்லை. ஊழியர்களுக்கும் பணிநேரத்துக்கும்தான் நிதி ஒதுக்கப்படவில்லை. 2020-இன் இறுதியிலிருந்துதான் அங்கே ஆயுதம் தாங்கிய இரண்டு விமானங்கள் 24 மணி நேரமும் தயார் நிலையில் நிற்கின்றன.

3. நாலாவது தலைமுறை, நாலரை, ஐந்தாவது என்கிறார்களே, இதை யார் வகுத்தது?

எந்தப் பன்னாட்டு அமைப்பும் வகுக்கவில்லை. துறை ஆய்வாளர்களும் உற்பத்தி நிறுவனங்களும் காலப்போக்கில் வழக்கத்துக்குக் கொண்டுவந்த பிரிப்பு இது. 1970-களில் வந்த எஃப்-15, எஃப்-16, பின்னர் வந்த மிக்-29, சுகோய்-27 போன்றவை நான்காம் தலைமுறை. அவற்றின் வழியில் வந்து, நவீன ரேடாரும் மின்னணுப் போர்க் கருவிகளும் பெற்ற ரஃபேல், யூரோஃபைட்டர் டைஃபூன், கிரிபென் இ ஆகியவற்றை நாலரை என்கிறார்கள். ரேடாரில் எளிதில் சிக்காத உடலமைப்பும், எல்லா உணரிகளின் தகவலையும் ஒன்றாக்கி விமானிக்கு ஒரே படமாகக் காட்டும் கணினி அமைப்பும் கொண்ட எஃப்-22, எஃப்-35, சீனாவின் ஜே-20, ரஷ்யாவின் சுகோய்-57 ஆகியவை ஐந்தாம் தலைமுறை.

தலைமுறை எண்ணை மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்வது தவறு. ஐந்தாம் தலைமுறை விமானம் குறைந்த ஏவுகணைகளோடு, போதிய பயிற்சியில்லாத விமானியோடு பறந்தால் அந்த எண் அதைக் காப்பாற்றாது. ரஃபேல், டைஃபூன், கிரிபென் மூன்றும் சுமக்கும் மீட்டியோர் ஏவுகணை, ராம்ஜெட் என்ஜினின் உதவியால் 100 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள இலக்கைத் தொடக்கூடியது. விமானத்தின் வயதைவிட அது சுமக்கும் ஏவுகணையின் வயது முக்கியமாகிவிடும் சண்டைகள் உண்டு.

4. ஸ்டெல்த் விமானம் ரேடாருக்குத் தெரியவே தெரியாதா?

தெரியும், ஆனால் மிகத் தாமதமாகத் தெரியும். ரேடார் ஒரு பொருளைக் கண்டறியும் தொலைவு, அப்பொருள் அலைகளைத் திருப்பி அனுப்பும் பரப்பின் நான்காம் மூலத்தைப் பொறுத்தது. அதாவது அந்தப் பரப்பை 16 மடங்கு குறைத்தால் கண்டறியும் தொலைவு பாதியாகிறது. 10,000 மடங்கு குறைத்தால்தான் பத்தில் ஒரு பங்காகிறது. சாதாரண விமானத்தை 300 கிலோமீட்டரில் பார்க்கும் ரேடார், இப்படிப்பட்ட விமானத்தை 30 கிலோமீட்டரில்தான் பார்க்கும். இடையில் உள்ள 270 கிலோமீட்டருக்காகத்தான் இவ்வளவு பணமும் செலவாகிறது.

இதற்கு வரம்புகளும் உண்டு. நீண்ட அலைநீளம் கொண்ட ரேடார்கள் இத்தகைய விமானங்களைக் கூடுதல் தொலைவில் உணரும். ஆனால் ஏவுகணையை வழிநடத்தும் அளவுக்குத் துல்லியமாக இடம் காட்டாது. 1999 மார்ச் 27 அன்று பெல்கிரேடுக்கு அருகே அமெரிக்காவின் எஃப்-117 ஸ்டெல்த் விமானத்தை வீழ்த்தியது, 1960-களில் பணிக்கு வந்த எஸ்-125 வகை ஏவுகணை. மேலும், மறைந்திருக்க வேண்டுமானால் ஆயுதங்களை வயிற்றறைக்குள்தான் வைக்க வேண்டும். எஃப்-35 அவ்வாறு சுமப்பது பொதுவாக நான்கு வான்வழி ஏவுகணைகளையே (வானில் உள்ள இலக்கைத் தாக்குபவை). இறக்கைகளின் கீழ் மாட்டினால் எண்ணிக்கை கூடும், மறைவு குறையும். எதிரியின் வலுவான வான் பாதுகாப்புக்குள் நுழையும் தேவை உள்ள நாட்டுக்கு ஸ்டெல்த் உயிர் காக்கும் கருவி. காவல் பணி மட்டுமே உள்ள நாடு அதற்கு வீணாக விலை கொடுக்கிறது என்பதே என் கருத்து.

5. ஒரே விமானத்தை ஓரிடத்தில் 8 கோடி டாலர் என்கிறார்கள், இன்னோரிடத்தில் அதைப்போல இரண்டு மடங்கு என்கிறார்கள். யார் பொய் சொல்கிறார்கள்?

பெரும்பாலும் யாரும் பொய் சொல்வதில்லை. இருவரும் வெவ்வேறு பொருள்களின் விலையைச் சொல்கிறார்கள். 2019-இல் அமெரிக்கா செய்த ஒப்பந்தத்தில், 14-ஆம் உற்பத்தித் தொகுதியில் வரும் எஃப்-35ஏ (எஃப்-35-இன் ஒரு வகை) ஒன்றின் விலை 7.79 கோடி டாலர். அது என்ஜினோடு கூடிய வெறும் விமானத்தின் விலை. சுவிட்சர்லாந்து அதே வகையில் 36 விமானங்களுக்கு ஒதுக்கிய தொகை 603.5 கோடி பிராங்க். வகுத்துப் பார்த்தால் ஒன்றுக்கு 16.7 கோடிக்கு மேல். இத்தொகையில் ஆயுதம், உதிரிபாகம், பயிற்சி, தரைக் கருவிகள், விலைவாசி உயர்வுக்கான ஒதுக்கீடு எல்லாம் அடங்கும்.

இக்கணக்கை ஒளிவின்றிக் காட்டியது பின்லாந்து. 2021 டிசம்பரில் 64 எஃப்-35ஏ விமானங்களைத் தேர்ந்தபோது, விமானங்களுக்கு 470.3 கோடி யூரோ, வான்வழி ஏவுகணைகளுக்கு 75.46 கோடி யூரோ, பராமரிப்புக் கருவிகள், உதிரிபாகங்கள், பயிற்சி, தொடக்க ஆண்டுகளின் பராமரிப்பு ஆகியவற்றுக்கு 292 கோடி யூரோ என்று தனித்தனியாக அறிவித்தது. வெறும் விமானத்துக்கு ஆனது மொத்தத்தில் ஏறத்தாழ 56 விழுக்காடுதான். எந்த நாட்டின் கொள்முதலைப் பற்றிப் பேசினாலும் இந்த மூன்று தொகைகளையும் தனித்தனியாகக் கேளுங்கள். அவை இல்லாமல் இரண்டு நாடுகளின் விலையை ஒப்பிடுவதில் பயனில்லை.

6. வாங்கிவிட்டால் செலவு முடிந்தது அல்லவா? அதற்குப் பிறகு எரிபொருள் மட்டும்தானே?

யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, அதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது. நவீன போர் விமானம் ஒன்று 30 முதல் 40 ஆண்டுகள் பணியில் இருக்கும். அக்காலம் முழுவதும் ஆகும் பராமரிப்பு, என்ஜின் பழுது, மென்பொருள் மேம்பாடு, விமானிகளின் பறக்கும் மணிநேரம் ஆகியவற்றின் செலவு பெரும்பாலும் வாங்கிய விலையை மிஞ்சிவிடுகிறது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு, தன் நாட்டின் சுமார் 2,500 எஃப்-35 விமானங்களை அவற்றின் ஆயுள் முழுதும் பராமரிக்க ஆகும் செலவு, 2018-இல் மதிப்பிட்ட 1.1 லட்சம் கோடி டாலரிலிருந்து 2023-இல் 1.58 லட்சம் கோடி டாலராக உயர்ந்துவிட்டதாகக் கூறியது. 2023 மார்ச் நிலவரப்படி அவ்விமானங்களில் எந்நேரமும் பணிக்குத் தயாராக இருந்தவை சராசரியாக 55 விழுக்காடு மட்டுமே.

'பறக்கும் மணிக்கு இவ்வளவு டாலர்' என்று ஊடகங்களில் வரும் எண்களை ஒப்பிடும்போது எச்சரிக்கை தேவை. ஒரு நாடு எரிபொருளையும் உதிரிபாகத்தையும் மட்டும் கணக்கில் சேர்க்கும். இன்னொரு நாடு ஊழியர் சம்பளத்தையும் மேம்பாட்டையும் சேர்க்கும். 5-ஆம் பதிலில் சொன்ன குழப்பமே இங்கும் உள்ளது. செலவு கூடும்போது முதலில் வெட்டுப்படுவது விமானியின் பயிற்சி நேரம். ஆண்டுக்கு 180 மணி நேரம் என்பது நேட்டோ (அமெரிக்க-ஐரோப்பிய இராணுவக் கூட்டணி) நாடுகளில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் அளவுகோல். பறக்க வைக்கவே பணம் போதாத விமானத்தை வாங்கிவிட்டு விமானிகளை ஆண்டில் பாதி நாள் தரையில் உட்கார வைக்கும் நாடு, எவ்வளவு உயர்ந்த விமானத்தை வாங்கினாலும் தன் படையைப் பலவீனப்படுத்திக்கொள்கிறது.

7. ஒரு நாட்டுக்கு எத்தனை விமானம் போதும்? 36, 64, 126 என்ற எண்களெல்லாம் எங்கிருந்து வருகின்றன?

கணக்குப் போட்டு எட்டப்படும்போது அவை பொருளுள்ள எண்கள். சுவிட்சர்லாந்து தன் தேவையை இப்படி வகுத்தது: பதற்றமான காலத்தில் நான்கு வாரங்கள் தொடர்ந்து, இரவும் பகலும், நான்கு விமானங்களாவது எப்போதும் வானில் இருக்க வேண்டும். நான்கு விமானங்கள் 24 மணி நேரம் பறந்தால் நாளொன்றுக்கு 96 பறக்கும் மணிகள். 28 நாள்களில் 2,688 மணிகள். அதை 36 விமானங்களுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் ஒரே மாதத்தில் 75 மணி நேரம் பறக்க வேண்டியிருக்கும். அமைதிக் காலத்தில் அது பல மாதங்களுக்கான பறத்தல். இதற்கிடையே சில விமானங்கள் பெரும் பராமரிப்பில் பிரிக்கப்பட்டுக் கிடக்கும், சில எரிபொருள் நிரப்பிக்கொண்டிருக்கும், சில தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கும்.

நான்கை வானில் நிறுத்த 36 வேண்டும் என்றால் பலர் நம்ப மறுக்கிறார்கள். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு 36 குறைவோ என்றுதான் தோன்றும்.

8. ஒற்றை என்ஜின் விமானம் ஆபத்தில்லையா? நடுக்கடலில் என்ஜின் நின்றுவிட்டால்?

கவலை நியாயமானது, முன்பு இதற்கு இன்னும் வலு இருந்தது. இன்றைய என்ஜின்களின் நம்பகத்தன்மை பெரிதும் உயர்ந்துவிட்டது. நார்வே 1980 முதல் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, பனிக்கடலின் மீது ஒற்றை என்ஜின் எஃப்-16 விமானங்களையே பறக்கவிட்டது. இரட்டை என்ஜின் ஹார்னெட் வைத்திருந்த பின்லாந்தும் கனடாவும் ஒற்றை என்ஜின் எஃப்-35-ஐத் தேர்ந்தன. இரண்டு என்ஜின்கள் கூடுதல் சுமைதிறனைத் தரும், அதோடு கூடுதல் பராமரிப்பையும் கொண்டுவரும்.

9. நாலு நாட்டிடமிருந்து நாலு வகை வாங்கினால் யாரும் நம்மை மிரட்ட முடியாது. அதுதானே புத்திசாலித்தனம்?

ஒரே நாட்டை நம்பியிருப்பதன் ஆபத்தை உணர்ந்தவர்கள் கேட்கும் கேள்வி இது. ஆனால் ஒவ்வொரு புது வகையும் தனி உதிரிபாகக் கிடங்கு, தனிப் பயிற்சிக் கருவி, தனி ஆயுதம், அதற்கென்றே பழகிய தொழில்நுட்பர்கள் என்று ஒரு முழு அமைப்பையே உடன் கொண்டுவருகிறது. ஒன்றின் உதிரிபாகம் மற்றொன்றுக்கு உதவாது. மலேசியா ரஷ்யாவிடமிருந்து மிக்-29, சுகோய்-30 விமானங்களையும் அமெரிக்காவிடமிருந்து ஹார்னெட்டையும் வாங்கியிருந்தது. 2018-இல் அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர், 28 ரஷ்ய விமானங்களில் நான்கு மட்டுமே பறக்கும் நிலையில் உள்ளன என்று நாடாளுமன்றத்திலேயே தெரிவித்தார்.

இரண்டு வகைகள் வைத்திருப்பதற்கு நல்ல காரணம் இருக்கலாம். 1970-களில் அமெரிக்கா விலையுயர்ந்த எஃப்-15-ஐயும் அதைவிட மலிவான எஃப்-16-ஐயும் ஒன்றுக்கொன்று துணையாக வாங்கியது. போலந்து இன்று எஃப்-35-உடன் தென்கொரியாவின் இலகு ரக எஃப்ஏ-50-ஐயும் வாங்குகிறது. இவை வேலையைப் பங்கிட்டு வாங்கியவை. அச்சத்தைப் பங்கிட்டு வாங்கினால் கடைசியில் நான்கு நாடுகளுக்கும் கட்டுப்பட்டிருக்க வேண்டிவரும்.

10. விற்ற நாடு நினைத்தால் ஒரு பொத்தானை அழுத்தி நம் விமானத்தை நிறுத்திவிடும் என்கிறார்களே, உண்மையா?

2025-இன் தொடக்கத்தில் எஃப்-35 பற்றி ஐரோப்பாவில் இந்த அச்சம் பரவியபோது, அப்படி ஒரு பொத்தான் கிடையாது என்று அத்திட்டத்தை நடத்தும் அமெரிக்க அலுவலகம் அறிவித்தது. அதை நம்புவதில் எனக்குத் தயக்கமில்லை, ஏனெனில் பொத்தானுக்குத் தேவையே இல்லை. உதிரிபாகம் வருவது நின்றால் சில மாதங்களில் விமானங்கள் ஒவ்வொன்றாகத் தரையில் நின்றுவிடும். எதிரி ரேடார்களின் அடையாளங்களைக் கொண்ட தரவுக்கோப்புகள் புதுப்பிக்கப்படாவிட்டால், பறக்கும் விமானமும் தன்னைச் சுற்றியுள்ள ஆபத்தைச் சரியாக அடையாளம் காணாது. மென்பொருள் தாமதம் மட்டுமே என்ன செய்யும் என்பதற்குச் சான்று: புதிய மென்பொருள் தொகுப்பு முழுமை பெறாததால், 2023 ஜூலை முதல் ஓராண்டு காலம் புதிய எஃப்-35 விமானங்களை அமெரிக்காவே பெற்றுக்கொள்ளாமல் நிறுத்திவைத்தது.

அரசியல் முடிவுகளின் வலிமை இன்னும் பெரியது. எஃப்-35 திட்டத்தில் கூட்டாளியாக இருந்து அதற்கான பாகங்களையும் செய்துவந்த துருக்கி, ரஷ்யாவின் எஸ்-400 ஏவுகணை அமைப்பை வாங்கியதால் 2019 ஜூலையில் வெளியேற்றப்பட்டது. குரோஷியா 2018-இல் இஸ்ரேலிடமிருந்து பயன்படுத்திய எஃப்-16 விமானங்கள் பன்னிரண்டை வாங்கத் தேர்ந்தது. அவற்றில் இஸ்ரேல் பொருத்தியிருந்த கருவிகளோடு விற்க அமெரிக்கா சம்மதிக்காததால், 2019 ஜனவரியில் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. விற்பவர் வேறு, அனுமதி தருபவர் வேறு என்பதை அங்கே எல்லோரும் பார்த்தார்கள்.

அமெரிக்க விமானத்தைத் தவிர்த்தாலும் முழு விடுதலை கிடைத்துவிடாது. ஸ்வீடனின் கிரிபென் இ அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்து என்ஜினில் பறக்கிறது. அதை வேறொரு நாட்டுக்கு விற்க அமெரிக்காவின் அனுமதி வேண்டும். பிரான்சின் ரஃபேல் இவ்வகையில் பெருமளவு தற்சார்பானது. ஆயினும் அது சுமக்கும் ஸ்கால்ப் ஏவுகணையில் இருந்த ஓர் அமெரிக்கப் பாகம், எகிப்துக்கான விற்பனையை 2018-இல் சிக்கலாக்கியது. எந்த விமானத்தை எடுத்துக்கொண்டாலும் என்ஜின், ஏவுகணை, தரவுக்கோப்பு மூன்றும் யாருடைய கையில் உள்ளன என்பதை எழுதி வைத்துக்கொண்டு பேசுவது நல்லது.

11. தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொடுத்தால்தான் வாங்குவோம் என்று நிபந்தனை போட்டால் என்ன? ஒருநாள் நாமே செய்துகொள்ளலாமே?

செய்யலாம், பொறுமை இருந்தால். பிரேசில் 2014-இல் 36 புதிய கிரிபென் விமானங்களுக்கு ஒப்பந்தம் செய்தபோது இதை மையமாக வைத்தது. நூற்றுக்கணக்கான பிரேசில் பொறியாளர்கள் ஸ்வீடன் சென்று பயின்றார்கள். 2023-இல் பிரேசிலின் எம்ப்ரேயர் விமான நிறுவனத்தின் ஆலையில் விமானத்தைப் பொருத்தும் பணி தொடங்கியது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் பெரும்பாலும் பழைய விமானங்களோடு காலம் தள்ள வேண்டியிருந்தது. அந்த விலையைத் தெரிந்தே கொடுத்தார்கள் என்பதால் அத்திட்டத்தை நான் மதிக்கிறேன்.

சொந்தமாக வடிவமைத்தாலும் என்ஜின் என்ற இடத்தில் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். இந்தியா 2021 பிப்ரவரியில் 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு ஒப்பந்தமிட்டது. அவற்றுக்கான அமெரிக்க எஃப்404 என்ஜின்களில் முதலாவது ஒப்படைக்கப்பட்டது 2025 மார்ச்சில்தான். இறக்கை, உடல், மின்னணுக் கருவிகள் தயாராக இருந்தும் விமானங்கள் என்ஜினுக்காகக் காத்திருந்தன. போர் விமான ஜெட் என்ஜினை முழுமையாக வடிவமைத்துத் தயாரிக்கக்கூடிய நாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தொழில்நுட்பப் பரிமாற்றம் என்று அறிவிப்பு வரும்போது அதில் என்ஜினின் வெப்பப் பகுதிகள் (எரிபொருள் எரியும், கடும் வெப்பத்தைத் தாங்க வேண்டிய பாகங்கள்) அடங்குமா என்று கேளுங்கள், பெரும்பாலும் அடங்காது.

12. பயன்படுத்திய விமானத்தை வாங்குவது ஏமாறுவது இல்லையா?

எவ்வளவு ஆயுள் மிச்சம் இருக்கிறது என்று பார்த்து வாங்கினால் இல்லை. குரோஷியா மேலே சொன்ன தோல்விக்குப் பிறகு, 2021-இல் பிரான்சிடமிருந்து பயன்படுத்திய 12 ரஃபேல்களை வாங்கித் தன் மிக்-21 விமானங்களுக்கு விடைகொடுத்தது. ருமேனியா போர்ச்சுகல், நார்வே நாடுகளின் எஃப்-16 விமானங்களையும், அர்ஜென்டினா 2024-இல் டென்மார்க்கின் 24 எஃப்-16 விமானங்களையும் வாங்கின. பறக்கும் மணிகளின் பதிவேடு, உடற்பகுதியின் வலுவூட்டல் விவரம், உதிரிபாகம் இன்னும் எத்தனை ஆண்டு உற்பத்தியாகும் என்ற உறுதி ஆகிய மூன்றும் இருந்தால், குறைந்த பணத்தில் விமானிகளைப் பறக்க வைக்க இது நல்ல வழி.

13. போட்டி வைத்து நியாயமாகத் தேர்ந்தெடுக்க முடியுமா, அல்லது எல்லாம் முன்பே முடிவானதுதானா?

முடியும். பின்லாந்தின் முறை எனக்குத் தெரிந்தவற்றில் தெளிவானது. ஐந்து விமானங்கள் போட்டியிட்டன: எஃப்-35, சூப்பர் ஹார்னெட், ரஃபேல், டைஃபூன், கிரிபென் இ. விநியோகப் பாதுகாப்பு, உள்நாட்டுத் தொழிலுக்கு ஒப்பந்த மதிப்பில் குறைந்தது 30 விழுக்காடு பங்கு, செலவு வரம்பு ஆகிய மூன்றிலும் தேறுவதா இல்லையா என்பதே முதல் கேள்வி. அவற்றில் கூடுதல் மதிப்பெண் கிடையாது. ஆண்டுப் பராமரிப்புச் செலவு 25.4 கோடி யூரோவைத் தாண்டக் கூடாது என்று முன்கூட்டியே எல்லை கட்டினார்கள். மூன்றிலும் தேறியவர்களைப் போர்த்திறனில் மட்டும் ஒப்பிட்டார்கள். 2020-இன் குளிர்காலத்தில் ஒவ்வொரு விமானத்தையும் வரவழைத்துத் தங்கள் பனிச்சூழலில் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். விற்பவரின் விளம்பரத் தாளில் உள்ள எண்களை அவர்கள் அப்படியே ஏற்கவில்லை.

இதற்கு எதிர்முனையில் இந்தியாவின் 126 விமானக் கொள்முதல் நிற்கிறது. 2007-இல் ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. ஆறு விமானங்கள் பாலைவன வெயிலிலும் மலைக்குளிரிலும் சோதிக்கப்பட்டன. 2012-இல் ரஃபேல் தேர்வானது. அதன்பின் விலையிலும், இந்தியாவில் தயாராகும் விமானங்களுக்கு யார் பொறுப்பேற்பது என்பதிலும் பேச்சு இழுத்தடித்தது. இறுதியில் 2016-இல் அரசுகளுக்கிடையே 36 விமானங்களுக்கு ஒப்பந்தம் ஆனது. முதல் ஐந்து 2020 ஜூலையில் அம்பாலாவில் இறங்கின. விமானங்களைச் சோதித்ததில் குறையில்லை. இறுதி முடிவு எடுக்கும் அதிகாரமும் பணமும் எங்கே எப்போது கிடைக்கும் என்பதைத் தொடக்கத்திலேயே தீர்மானிக்காததுதான் அந்தப் பதின்மூன்று ஆண்டுகளையும் தின்றது என்று கருதுகிறேன்.

14. அண்மைச் சண்டையில் இந்த விமானம் அந்த விமானத்தை வீழ்த்திவிட்டது. இனி விவாதம் எதற்கு?

2025 மே மாதம் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே நடந்த நான்கு நாள் மோதலுக்குப் பின் இக்கேள்வி உலகெங்கும் கேட்கிறது. இரு தரப்பும் தெரிவித்த இழப்புக் கணக்குகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இந்தியாவின் முப்படைத் தலைமைத் தளபதி அனில் சௌகான் விமான இழப்பு ஏற்பட்டதை மே 31 அன்று ஒப்புக்கொண்டார், எண்ணிக்கை கூறவில்லை. எத்தனை விமானம் என்பதைவிட ஏன் நடந்தது என்பதே முக்கியம் என்றும், உத்தித் தவறு கண்டறிந்து திருத்தப்பட்டது என்றும் சொன்னார்.

வாங்குபவர் பார்க்க வேண்டியதும் அந்த 'ஏன்' தான். வான்போரில் ஒரு விமானம் தனியாக இன்னொரு விமானத்தோடு மோதுவதில்லை. தொலைவிலிருந்து கண்காணிக்கும் வான் எச்சரிக்கை விமானம், தரை ரேடார், தகவல் இணைப்பு, நெடுந்தொலைவு ஏவுகணை, அன்றைய நாள் விமானிக்கு இடப்பட்ட கட்டளைகள் என்று ஒரு சங்கிலியே மோதுகிறது. சங்கிலியின் எந்தக் கண்ணி அறுந்தது என்று தெரியாமல் விமானத்தின் பெயரை மட்டும் வைத்துக் கொள்முதல் முடிவு எடுப்பது, 3-ஆம் பதிலில் சொன்ன தலைமுறை மயக்கத்தின் இன்னொரு வடிவமே.

15. ட்ரோன் காலத்தில் இவ்வளவு பணம் கொட்டி விமானியோடு பறக்கும் விமானம் எதற்கு? ஆறாவது தலைமுறை வரும்வரை காத்திருக்கலாமே?

ட்ரோன்கள் கற்றுத்தந்த பெரிய பாடம் தரையில் நிற்கும் விமானத்தைப் பற்றியது. 2025 ஜூன் 1 அன்று உக்ரைன், லாரிகளில் மறைத்துக் கொண்டுசென்ற சிறு ட்ரோன்களை ரஷ்யாவின் உட்பகுதித் தளங்களுக்கு அருகிலிருந்தே ஏவி, திறந்தவெளியில் நின்ற குண்டுவீச்சு விமானங்களை எரித்தது. வலுவான கூரை கொண்ட கொட்டகையும், தளத்தைச் சுற்றிய குறுந்தொலைவுப் பாதுகாப்பும், 1-ஆம் பதிலில் கண்டதுபோல் விமானங்களைச் சிதறி நிறுத்தும் பழக்கமும் இல்லாத நாடு, இரண்டு விமானங்களைக் குறைத்து வாங்கி அந்தப் பணத்தை இவற்றில் போடுவது நல்லது.

விமானியுள்ள விமானத்தோடு சேர்ந்து பறக்கும் ஆளில்லா விமானங்கள் அமெரிக்காவில் 2025-இல் சோதனையாகப் பறக்கத் தொடங்கின. பிரிட்டன், ஜப்பான், இத்தாலி கூட்டாக உருவாக்கும் அடுத்த தலைமுறை விமானத்துக்கு 2035 இலக்காக வைக்கப்பட்டுள்ளது. இத்தகைய இலக்குகள் தள்ளிப்போவதே வழக்கம். இன்றுள்ள விமானங்களுக்கு 15 ஆண்டு ஆயுள் மிச்சமிருந்தால் காத்திருக்கலாம். 5 ஆண்டே இருந்தால் காத்திருக்க முடியாது. இங்கே முடிவு செய்வது உடற்பகுதியில் மிஞ்சியுள்ள பறக்கும் மணிகள்தான்.

16. இவ்வளவு பணம் மக்களுடையது. அவர்களிடம் கேட்டு வாங்கினால் என்ன?

சுவிட்சர்லாந்து கேட்டது. 2014 மே மாதம் 22 கிரிபென் வாங்கும் திட்டத்தை வாக்காளர்கள் 53.4 விழுக்காட்டு எதிர்ப்போடு நிராகரித்தார்கள். 2020 செப்டம்பரில், எந்த விமானம் என்று குறிப்பிடாமல் 600 கோடி பிராங்க் தொகைக்கு மட்டும் ஒப்புதல் கேட்டபோது 50.1 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். வேறுபாடு 9,000 வாக்குகளுக்கும் குறைவு. விமானத்தை நிபுணர்களும் தொகையை மக்களும் தீர்மானிப்பது என்ற இந்தப் பிரிவினை சரியானது என்றே நினைக்கிறேன்.

ஆனால் அது ஒரு கடினமான இடத்தில் போய் நின்றது. விலை நிலையானது என்று அரசு திரும்பத் திரும்ப உறுதி கூறியிருந்தது. 2025-இல், அது தவறான புரிதல் என்றும் 65 கோடி முதல் 130 கோடி டாலர் வரை கூடுதலாக ஆகலாம் என்றும் அமெரிக்கத் தரப்பிலிருந்து பதில் வந்ததாக அதே அரசு மக்களிடம் சொல்ல வேண்டியதாயிற்று. நாடாளுமன்றங்கள் ஒப்புதல் தருவதற்கு முன்பு 'நிலையான விலை' என்ற சொல்லுக்கு ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவில் என்ன பொருள் தரப்பட்டுள்ளது என்று விற்கும் அரசிடமிருந்தே எழுத்தில் பெற வேண்டும். இராணுவ இரகசியம் என்று ரேடார் அலைவரிசையை மறைக்கலாம். இதை மறைக்க எந்தக் காரணமும் இல்லை.

17. சிறிய நாட்டுக்குப் போர் விமானமே தேவையா?

தேவையில்லை என்று முடிவெடுத்த நாடுகள் உண்டு. நியூசிலாந்து எஃப்-16 விமானங்களைக் குத்தகைக்கு எடுக்கும் ஏற்பாட்டைக் கைவிட்டு, 2001-இல் தன் போர் விமானப் பிரிவையே கலைத்தது. அருகில் பகை நாடு இல்லாத தீவு அது. கடல்சார் கண்காணிப்பு விமானங்களுக்கும் போக்குவரத்து விமானங்களுக்கும் முன்னுரிமை தந்தது. எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா மூன்றின் நிலை நேர்மாறானது: ரஷ்யா அருகிலேயே உள்ளது, சொந்தப் போர் விமானம் வாங்கும் வசதி இல்லை. 2004 முதல் நேட்டோ கூட்டாளிகள் முறைவைத்து அவற்றின் வான்வெளியைக் காக்கிறார்கள். அந்நாடுகள் தளங்களும் ரேடார்களும் தந்து, தங்கள் பணத்தைத் தரைப்படையிலும் வான் பாதுகாப்பு ஏவுகணைகளிலும் போடுகின்றன.

எட்டு அல்லது பத்து விமானங்களை வாங்கிக் கொடியேற்றுவது இவ்விரண்டையும்விட மோசமான வழி. 7-ஆம் பதிலின் கணக்கைப் பத்து விமானங்களுக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரே ஒரு விமானத்தை வானில் தொடர்ந்து நிறுத்துவதே அரிது. கூட்டாளிகளோடு எழுத்துபூர்வமான ஏற்பாடு செய்துகொள்ள முடிந்த நாடு அதைச் செய்து, நல்ல ரேடார் வலையில் முதலீடு செய்யலாம். அப்படிப்பட்ட கூட்டாளி இல்லாத நாடு, குறைந்தது இரண்டு முழு ஸ்க்வாட்ரன்களையும் (விமான அணிகளையும்) அவற்றுக்கான விமானிகளையும் தொடர்ந்து பேணும் பணம் ஆண்டுதோறும் கிடைக்குமா என்பதை நிதி அமைச்சகத்திடம் முதலில் கேட்டுவிட்டு, அதன்பின் விமான நிறுவனங்களை அழைக்கலாம்.